வெளிநடப்புக்குச் சொந்தக்காரர்

நொச்சிமேடு பேரூராட்சியின் மாதக் கூட்டத்தில் எப்போது என்ன நடக்கும் என்பதை எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடை செல்லக்கிளியிடம் கேட்டால் போதும். முதலில் மைக் இருமும். அப்புறம் யாராவது அதைத் தட்டிப் பார்த்து ஹலோ சொல்வார்கள். இரங்கல் தீர்மானத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது நாற்காலிகள் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் செல்லக்கிளி பாலை அடுப்பில் ஏற்றுவாள். உள்ளே மூன்றாவது பொருளை வாசிக்கத் தொடங்கியதும் ஏழாவது வார்டு உறுப்பினர் பூவரசன் எழுந்து நிற்பார். கையிலிருக்கும் அஜெண்டாவைக் கிழித்துப் போடவேண்டும் என்றுதான் பதவியேற்ற புதிதில் நினைத்திருந்தார். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் மகள் படம் வரைவாள் என்று நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். "மக்கள் விரோதப் போக்கைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறேன்" என்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி, சாலையைக் கடந்து பெஞ்சில் உட்காரும்போது, சர்க்கரை கம்மியான டீ ஆவி பறக்கக் காத்திருக்கும்.

மன்றத்தில் பதினைந்து வார்டு. பதினாலு ஒரு பக்கம், பூவரசன் மட்டும் மறுபக்கம். எதிர்க்கட்சித் தலைவரும் அவரே, கொறடாவும் அவரே, உறுப்பினர்களும் அவரே. இத்தனை காலத்தில் கட்சிக்குள் பிளவு வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பேரூராட்சித் தலைவர் ராசாத்தியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஜன்னல். மற்ற உறுப்பினர்களுக்குக் கிடைக்காத காட்சி அவளுக்குக் கிடைக்கும். தெருவிளக்கு, சாக்கடை, கொசுமருந்து என்று ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டிருக்கும்போது, மக்கள் விரோதப் போக்கைக் கண்டித்தவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பது தெரியும். கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் வழக்கமான இரண்டு வாக்கியங்கள் ஏறும்: ஏழாவது வார்டு உறுப்பினர் வெளிநடப்பு செய்தார். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன. இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதில் ராசாத்திக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பூவரசன் அவள் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை, அவளுக்குக் கொழுந்தன். மன்றத்துக்குள் 'தலைவர் அவர்களே' என்று பல்லைக் கடிப்பவர், வாசல்படி தாண்டினால் 'அண்ணி' ஆகிவிடுவார். ஒருமுறை அவள் காய்ச்சலோடு கூட்டத்துக்கு வந்திருந்தாள். அன்றைக்கு இரண்டாவது பொருளிலேயே வெளிநடப்பு செய்து, போகிற போக்கில் சுக்குக் காப்பி சொல்லி அனுப்பினார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஜனநாயகத்துக்கு நடுவில் சுற்றறிக்கை ஒன்று வந்தது. திருச்சி மாநகராட்சியின் எல்லையை விரிக்கப்போகிறார்களாம், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களையும் சேர்க்கப்போகிறார்களாம், நொச்சிமேடு மன்றம் தன் கருத்தைச் சொல்லவேண்டுமாம்.

செயல் அலுவலர் வெங்கட்ராகவன் அதைத் தலைவர் அறைக்குக் கொண்டுவந்து பிரித்துச் சொன்னார். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் ஸ்கூட்டரில் பாலத்தைக் கடந்து வருகிறவர். மன்றம் ஏகமனதாகச் சம்மதித்தால் நொச்சிமேடு முதல் பட்டியலில் சேர்ந்துவிடும், அதோடு கதை முடிந்தது என்றார். யாராவது ஆட்சேபித்துக் காரணமும் சொன்னால், முதலில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

"ஒருத்தர் ஆட்சேபிச்சாப் போதுமா சார்?" என்று கேட்டாள் ராசாத்தி.

"ஒருத்தர் போதும்மா. ஆனா உள்ள இருந்து சொல்லணும். டீக்கடையில உக்காந்துண்டு சொன்னா அடியேன் பதிவு பண்ண முடியாது."

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

ராசாத்திக்கு மாநகராட்சி மேல் கோபம் எதுவும் இல்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். விஷயம் பூக்காரத் தெருத் தண்ணீர்.

நொச்சிமேட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது பூக்காரத் தெரு. அங்கே இருக்கும் பெண்கள் இருட்டோடு எழுந்து சம்பங்கியும் மல்லியும் பறித்து, முதல் பஸ்ஸில் ஏறி, ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பத்து மணிக்கு மேல் ஆகும். முன்பெல்லாம் ஊர் முழுக்க விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். குழாய் கொட்டும்போது தெருவில் ஆள் இருக்காது, ஆள் வரும்போது குழாய் காற்று விடும். ராசாத்தி தலைவராவதற்கு முன்பு அந்தத் தெருவில்தான் பூப் பறித்தாள். வெறும் குடத்தோடு அடுத்த தெருவில் போய் நின்று, தெரிந்த முகத்திடமே ஒரு குடம் கேட்பது என்ன கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தத் தெரு வால்வை மட்டும் பத்தரைக்குத் திறக்க வைத்தாள். அதற்குத் தீர்மானமும் இல்லை, உத்தரவும் இல்லை. தண்ணீர் திறக்கிறவருக்குப் போன் போட்டுச் சொன்னாள், அவர் திறந்தார். மறந்துபோனால் திட்டினாள், மறுபடி திறந்தார். அந்த ஊரின் நிர்வாகமே அவ்வளவுதான்.

மாநகராட்சியில் சேர்ந்தால் யாருக்குப் போன் போடுவது என்று விசாரித்தாள். செயலியில் பதியலாம் என்றார்கள். கோட்டத்தைத் தேர்ந்தெடு, வார்டைத் தேர்ந்தெடு, குறையின் வகையைத் தேர்ந்தெடு. 'தண்ணீர் வரவில்லை' என்று ஒரு வகை இருந்தது. 'வருகிறது, ஆனால் நாங்கள் பூ விற்கப் போயிருக்கிறோம்' என்று எதுவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அவளே ஆட்சேபித்துவிட வேண்டியதுதானே என்றால், அதற்குக் குறுக்கே வீட்டுக்காரர் ரத்தினவேல் இருந்தார். கட்சியின் பேரூர்ச் செயலாளர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது மனைவி பெயரைக் கொடுத்து, நாற்காலியில் தான் உட்காரலாம் என்று நம்பி, முதல் நாள் சலவைச் சட்டையோடு வந்தவர். ராசாத்தி போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தினவேல் சற்று நேரம் நின்று பார்த்தார், அப்புறம் வீட்டுக்குப் போய் உலை வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாம்பார் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பது ஊர் அறிந்த செய்தி. அந்த மனிதருக்கு மிச்சமிருப்பது செயலாளர் பதவி ஒன்றுதான். ஏகமனதாக நிறைவேற்றி அனுப்புங்கள், ஒரு சின்ன முணுமுணுப்பு வந்தாலும் உங்கள் பதவி இருக்காது என்று மாவட்டம் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் வீடுகளில் மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர்.

ரத்தினவேல் இதைச் சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார். மிரட்டல் அவருக்கு அதற்குமேல் வராது.

மறுநாள் ராசாத்தி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பூவரசனின் கடைக்குப் போனாள். மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டும் கடை அது. பூவரசன் மிக்ஸியைத் திருப்பிப் பார்த்து, சுவிட்சைப் போட்டு, அது சமர்த்தாக ஓடுவதைக் கேட்டார்.

"இதுக்கு என்ன அண்ணி கோளாறு?"

"ஒண்ணும் இல்ல தம்பி. பேச வந்தேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் வெளிநடப்பால் எதிர்ப்பே இல்லாமல் போகிறது என்பதை மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னாள். பூவரசன் செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். சேர்க்கிறதில் அவருக்கும் இஷ்டமில்லை. வரி ஏறும், அதோடு பதினைந்து வார்டும் சுருங்கி மாநகராட்சியின் ஒரு வார்டில் ஒரு மூலையாகிவிடும், அப்புறம் அவர் எந்த மன்றத்திலிருந்து வெளியே நடப்பது. ஆனால் உட்காருவதில் பெரிய சிக்கல் இருந்தது.

"நான் உக்காந்தேன்னா, அண்ணிக்கு விலை போயிட்டான்னு எங்க ஆளுங்களே சொல்வாங்க. போட்டோக்காரர் வேற வாசல்ல நிப்பாரு. நான் படியிறங்குற படம்தான் மாசா மாசம் பேப்பர்ல வருது."

"ஒரே ஒரு மாசம் தம்பி. உக்காந்து, எதிர்க்கிறேன்னு சொல்லிட்டு, அப்புறம் எறங்குங்க."

பூவரசன் யோசித்தார். இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு அரசியலில் ஒரு பெயர் தேவைப்பட்டது. கடைசியில் அவரே கண்டுபிடித்தார். "வெளிநடப்பு செய்யாம இருக்கறதும் ஒரு போராட்ட வடிவம்தான், இல்லையா?" என்றார். நிச்சயமாக என்றாள் ராசாத்தி. அவர் மனம் நிறைந்து, வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று மிக்ஸிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் அது ஓடவில்லை.

கூட்டத்தன்று பூவரசன் கறுப்புச் சட்டையில் வந்தார். ஆட்சேபணையை எழுதி மனப்பாடம் செய்து, எழுதிய தாளையும் பையில் வைத்திருந்தார். மைக் இருமியது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பொருள் மூன்றை வாசிக்கத் தொடங்கியதும் அவருடைய உடம்பு தன்பாட்டுக்கு எழுந்துவிட்டது. கை வேட்டி நுனியைத் தேடிப் போனது. ராசாத்தி ஒரு பார்வை பார்த்தாள். அவர் அப்படியே, காற்றாடியைப் பார்க்க எழுந்த மாதிரி மேலே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மன்றம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செல்லக்கிளி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றாள். ஆறின டீயைத் தானே குடித்துவிட்டு உள்ளே போனாள்.

சேர்க்கும் பொருள் கடைசியில் இருந்தது. விவாதம் சூடாகவே நடந்தது. பன்னிரண்டாவது வார்டு ஹபீபுல்லா, பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மாநகராட்சியானால் பாதாளச் சாக்கடை வரும், ராத்திரி வரைக்கும் டவுன் பஸ் வரும், பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளை கார்ப்பரேஷன் லிமிட்டில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர் வீட்டில் மாப்பிள்ளைகள் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். மூன்றாவது வார்டு ஜோதி, தையல்கடைக்காரர், அதெல்லாம் சரி, ஊர் எல்லையில் இருக்கும் வளைவை என்ன செய்வது என்று கேட்டாள். 'நொச்சிமேடு பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று போன மாதம்தான் அதற்குப் புதுசாக எழுதினார்கள். மாநகராட்சி எல்லை ஊரைத் தாண்டிப் போய்விட்டால், அந்த வளைவு நடுவழியில் நின்றுகொண்டு யாரை வரவேற்பது.

இதுதான் அன்றைய பெரிய விவாதமானது. வளைவை இடிக்கக் கூடாது என்று ஒரு கட்சி. இடிக்காமல் தூக்கி நகர்த்தலாம் என்று ஒரு கட்சி. 'பேரூராட்சி'யில் முதல் எழுத்துகளை மட்டும் அழித்து 'மாநகராட்சி'யாக்கிவிடலாம், பெயிண்ட் நான் தருகிறேன் என்றார் ஹபீபுல்லா. அப்படியானால் நொச்சிமேடு தனி மாநகராட்சி என்று ஆகிவிடுமே என்றாள் ஜோதி. அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

வெங்கட்ராகவனிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அதிகாரி கருத்துச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் கருத்தைச் சொன்னார்.

"எங்க ஸ்ரீரங்கமும் தனி நகராட்சியாத்தான் இருந்தது. திருச்சியோட சேர்த்து முப்பது வருஷத்துக்கு மேலாயிடுத்து. பெருமாள் அதே இடத்துலதான் சயனத்திருக்கோலத்துல சேவை சாதிக்கறார், அவருக்கு ஒண்ணும் தொந்தரவில்லை. ஆனா எங்காத்துல இன்னமும் காவேரிப் பாலம் தாண்டினா, திருச்சிக்குப் போயிட்டு வரேன்னுதான் சொல்லிண்டிருக்கா."

இது சேரலாம் என்பதற்கான பேச்சா, கூடாது என்பதற்கான பேச்சா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராசாத்திக்கு அதில் ஆச்சரியமில்லை. அவர்கள் எல்லோருடைய தெருவிலும் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும்போது வீட்டில் ஆள் இருக்கும். பூக்காரத் தெரு ஏழாவது வார்டு. பூவரசன் பேசவேண்டும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி மனப்பாடத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வடை வந்தது.

விவாதம் முற்றும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு கீரைவடையும் சட்னியும் வருவது அந்த மன்றத்தின் வழக்கம். அதுவும் பூவரசன் போன பிறகுதான் வரும். தட்டு தன் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர் அதை ஆட்சேபணைக்குரிய பொருளைப் போலப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஹபீபுல்லாவிடம் குனிந்தார்.

"என்னங்க பாய் இது. மாசா மாசம் உண்டா?"

"உண்டே. நீங்கதான் நின்னு பாக்க மாட்டீங்களே."

"எனக்குன்னு வர்றதை யாரு சாப்பிடுவா?"

ஹபீபுல்லா சட்னியைப் பார்த்தார். பூவரசனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை ஆண்டு வெளிநடப்பில் கட்சி இழந்தது எவ்வளவு என்பதை அவர் மனம் கணக்குப் போடப் போனது, அந்தக் கணக்கிலேயே நின்றது. வடையைப் பிட்டு வாயில் போட்டார். சூடாக இருந்தது, மொறுமொறுவென்று இருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நொச்சிமேட்டில் ஓட்டெடுப்பு என்று எதுவும் கிடையாது. ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்று தலைவர் கேட்பதும் கிடையாது. கடைசிப் பொருளை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது 'ஆல் பாஸ்' என்பார்கள். எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். தலைவர் 'நிறைவேறியது' என்று சொல்லி எழுந்துகொள்வார். இந்த நடைமுறை மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். ஒரு கூட்டத்தின் முடிவைக்கூடக் கண்ணால் பார்க்காதவர். எதிர்ப்பவர்கள் கை தூக்கவும் என்று யாராவது சொல்வார்கள், அப்போது எழுந்திருக்கலாம் என்று அவர் வடையோடு காத்திருந்தார்.

"ஆல் பாஸ்" என்றது பின்வரிசை.

மேஜைகள் அதிர்ந்தன. பூவரசனும் தட்டினார். பதின்மூன்று பேர் உற்சாகமாகத் தட்டும்போது, நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் கை சும்மா இருக்காது. இடது கையால் தட்டினார், வலது கையில் வடை இருந்தது. இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் தான் எதைத் தட்டினோம் என்பது அவருக்குத் தெரிந்தது. முகம் சுண்டிப்போய் ராசாத்தியைப் பார்த்தார். பேச வாய் திறந்தார். வாய் நிறைந்திருந்தது.

நொச்சிமேடு மன்றத்தின் வரலாற்றில் உண்மையிலேயே ஏகமனதாக நடந்த முதல் தட்டல் அதுதான்.

சத்தம் அடங்கியது. எல்லோரும் ராசாத்தியின் வாயைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை பாக்கி. வெங்கட்ராகவன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், எழுதாமல் இருந்தார்.

ராசாத்தி ஜன்னலைப் பார்த்தாள். செல்லக்கிளி கடை பெஞ்ச் காலியாக இருந்தது. ரத்தினவேலின் அப்பளம் நினைவுக்கு வந்தது. அப்புறம் பத்தரை மணி. பூவெல்லாம் விற்றுத் தீர்ந்த கூடைக்குள் குழந்தைக்கு வாங்கின பன்னை வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தண்ணீர் வந்துவிடுமே என்று ஓட்டமும் நடையுமாகப் போகிற பெண்கள். அவர்கள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் ராசாத்திக்கு மனசுக்குள் ஒரு கர்வம் வரும். வரும் என்று நம்பித்தானே ஓடுகிறார்கள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்றாள். குரல் மைக்கில் வந்தது, அவளுக்கே யாரோ சொன்னது மாதிரி இருந்தது. "சார், என் ஆட்சேபணையை எழுதிக்குங்க. காரணம், பூக்காரத் தெருவுக்குப் பத்தரை மணிக்குத் தண்ணி வேணும். அதுக்கு யாரு பொறுப்புன்னு சொல்லிட்டு அப்புறம் சேக்கட்டும்."

சொல்லிவிட்டாள். அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மன்றத்தில் ஆட்சேபித்த மனிதர் என்று அவள் கண்ணால் பார்த்தது ஒருவரைத்தான். அவர் ஆட்சேபித்ததும் என்ன செய்வார் என்பதை மட்டும் மாதம் தவறாமல் பார்த்திருக்கிறாள். எனவே அதைச் செய்தாள். அஜெண்டாவை நாலாக மடித்தாள். எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

தலைவர் எழுந்தால் கூட்டம் முடிந்தது என்பது மற்றவர்களின் பழக்கம். பதின்மூன்று பேரும் மிச்ச வடையைப் பேப்பரில் மடித்துக்கொண்டு பின்னாலேயே எழுந்தார்கள். ஹபீபுல்லா வாசல் வரைக்கும் வந்த பிறகுதான், நிறைவேறியதா இல்லையா என்று ஜோதியிடம் கேட்டார். ஜோதி, தலைவரம்மா சாலையைக் கடக்கிறாங்க, நாமும் கடப்போம் என்றாள். வாசலில் நின்ற போட்டோக்காரர், கறுப்புச் சட்டைக்காகக் காத்திருந்தவர், ஆளுங்கட்சி மொத்தமும் வரிசையாக வெளிநடப்பு செய்வதைப் பார்த்து முதலில் கேமராவையே இறக்கிவிட்டார். அப்புறம் அவசரமாகத் தூக்கினார்.

உள்ளே இரண்டு பேர்தான். வெங்கட்ராகவனும், வாயில் வடையோடு எதிர்க்கட்சியும்.

செல்லக்கிளி ராசாத்தியைப் பார்த்ததும், வெளிநடப்பு டீ எப்படிப் போடுவாளோ அப்படியே போட்டாள், சர்க்கரை கம்மியாக. ராசாத்தி பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள். இவ்வளவு காலம் ஜன்னல் வழியாகப் பார்த்த டீ. சுமாராகத்தான் இருந்தது.

ரத்தினவேல் டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். முகத்தைப் பார்த்தாலே மாவட்டம் கூப்பிட்டுவிட்டது தெரிந்தது. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்லக்கிளியிடம் ஒரு டீ சொன்னார்.

"என்ன கேட்டாரு?" என்றாள் ராசாத்தி.

"உங்க வீட்டம்மாவை அடக்கி வைக்கத் தெரியாதான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்." ரத்தினவேல் டீயை ஊதினார். "பதவியை எடுத்துக்கிறேன்னாரு. சரின்னேன். நாளைக்கு முருங்கைக்காய் சாம்பாரா, கத்திரிக்காயா?"

ராசாத்தி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்தாள். நடுரோட்டில் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

வெங்கட்ராகவன் சாலையைக் கடந்து வந்தார். தலைவர் நிறைவேறியது என்று சொல்லாததால் அது நிறைவேறவில்லை, பெரும்பாலோர் எழுந்து போய்விட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, ஆட்சேபணை ஒன்று காரணத்தோடு பதிவாகிவிட்டதால் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தே தீரவேண்டும் என்று ஒப்பித்தார். அதிலே ஊர் சேரலாம் என்றால் சேரும், அது வேறு விஷயம் என்றும் எச்சரித்தார். பூக்காரத் தெரு அதில் பேசும் என்றாள் ராசாத்தி. காலையில் வைக்காதீங்க, பத்தரைக்கு மேல வைங்க என்றாள்.

கடைசியாகப் பூவரசன் வந்தார். படியில் தனியாக இறங்கி வந்தவரை யாரும் படம் எடுக்கவில்லை. ஓரமாக நின்றார். பெஞ்சில் அவருடைய இடத்தில் ராசாத்தி உட்கார்ந்திருந்தாள், அவருடைய டீ அவள் கையில் இருந்தது. அவர் முதலில் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்ததும் வேறு ஒன்று முந்திக்கொண்டது.

"அண்ணி, நான் தட்டினது தப்புதான். அதுக்காக நீங்க வெளிநடப்பு செய்யலாமா? அது என்னோடது."

"தப்புதான் தம்பி. திருப்பிக் கொடுத்துர்றேன். அடுத்த மாசத்துலேருந்து நீங்களே செய்யுங்க."

"ஆள் ஆளுக்கு எடுத்துக்கிட்டா அப்புறம் எதிர்க்கட்சின்னு நான் எதுக்கு."

"உக்காருடா" என்றார் ரத்தினவேல், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டபடி. பூவரசன் உட்கார்ந்தார். செல்லக்கிளி அவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள். மூன்று பேரும் குடித்தார்கள். எதிரே பேரூராட்சிக் கட்டிடம் கதவு திறந்தபடி, ஆளில்லாமல், காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது.

பூவரசன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, அடுத்த மாசம் மூணாவது பொருள்ல எந்திரிக்க மாட்டேன்."

"ஏன்?"

"வடை வந்தப்புறம் எந்திரிக்கலாம்னு இருக்கேன். கொள்கையில மாத்தம் ஒண்ணும் இல்ல."

அப்படியானால் பாலை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று செல்லக்கிளி உள்ளேயிருந்து கேட்டாள்.